விண்மீன்களை எடையிட்ட தமிழர்: சந்திரசேகரும் ஈர்ப்பின் விடைகாணா வினாவும்

வானியல் விஞ்ஞானி சுப்பிரமணியன் சந்திரசேகர் 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் திகதி சிக்காகோ நகரில் காலமானார். அவரைப் பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் மூன்று செய்திகளோடு நின்றுவிடுகின்றன. அவர் சர் சி. வி. இராமனின் அண்ணன் மகன். 1983ஆம் ஆண்டின் பௌதிகவியலுக்கான நோபல் பரிசை வில்லியம் பௌலருடன் பகிர்ந்துகொண்டவர். 1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் திகதி அமெரிக்கா விண்ணில் ஏவிய எக்ஸ்கதிர்த் தொலைநோக்கி அவரது பெயரைத் தாங்கியிருக்கிறது. இவை யாவும் உண்மை. ஆயினும், இம்மனிதரின் வாழ்வு இன்றைக்கும் நம்மைத் தொடுவது வேறொரு காரணத்தினாலாகும். பொருட்களை இழுக்கும் ஈர்ப்பு, அணுவின் உள்ளே செல்லுபடியாகும் குவாண்டம் விதி (நம் பாடநூல்கள் சொட்டுக் கொள்கை என வழங்குவது இதனையே) ஆகிய இரண்டையும் ஒரே நட்சத்திரத்தின் கணக்கில் முட்டவிட்டு, அதன் விளைவை அஞ்சாது எழுதி வைத்தவர் அவர். அந்த மோதலிலிருந்து எழுந்த ஒரு வினா, ஈர்ப்பும் குவாண்டம் விதிக்கு அடங்கியதுதானா அல்லது அதற்கு அப்பாற்பட்டதா என்பது, அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் தீரவில்லை. இப்போது அதனை ஆய்வுகூட மேசையின் மீதே சோதித்துப் பார்க்க விஞ்ஞானிகள் முனைந்து நிற்கின்றனர்.

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி பிறந்தது தமிழ்நாட்டில் அன்று. இன்று பாகிஸ்தானில் உள்ள லாகூரில் ஆகும். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் புகையிரதக் கணக்காய்வு உத்தியோகத்தில் அங்கே பணியாற்றிக்கொண்டிருந்தார். குடும்பத்தின் பூர்வீகம் தஞ்சை மாவட்டத்துப் புரசக்குடி. காவிரி பாயும் அதே தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்தும், சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய பகுதிகளிலிருந்தும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆயிரமாயிரம் குடும்பங்கள் நமது மலைகளுக்கு அழைத்து வரப்பட்டன. ஒரே மண்ணிலிருந்து புறப்பட்ட இரு பயணங்கள் இவை. ஒன்று நிலமும் ஆங்கிலக் கல்வியும் உத்தியோகமும் கைக்கெட்டிய வீட்டிலிருந்து லாகூருக்கும் சென்னைக்கும் கேம்பிரிட்ஜுக்கும் சென்றது. மற்றையது பஞ்சத்தினாலும் கடனாலும் விரட்டப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கிக் காடு வழியே நடந்து, கோப்பித் தோட்டத்துக்கும் பின்னர் தேயிலைத் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. மேதைமை எந்தக் குடிலிலும் பிறக்கலாம். அது எழுத்தறியும் வாய்ப்பு எல்லாக் குடிலுக்கும் கிட்டுவதில்லை என்பதனை இவரது கதையைப் படிக்கும் ஹட்டன், நுவரெலியா வாசகருக்கு எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை.

பன்னிரண்டு வயது வரை வீட்டிலேயே பாடம் பயின்ற சிறுவன், பின்னர் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தான். பார்த்தசாரதி கோயிலும் வாலாஜா பெரிய பள்ளிவாசலும் அருகருகே நின்று இரு சமூகத்தவரையும் அழைக்கும் பேட்டை அது. தாயார் சீதாலட்சுமி, இப்சனின் பொம்மை வீடு நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பத்துப் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தபடியே ஆங்கிலம் கற்று, பெண்ணொருத்தி தன் வீட்டை விட்டு வெளியேறும் அந்த நாடகத்தைத் தமிழாக்கத் தெரிவு செய்தார் என்பதே அவரது மனப்பாங்கை உணர்த்தும்.

1925இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்த சந்திரசேகரின் போக்கைத் திருப்பிய நிகழ்ச்சி 1928இல் நேர்ந்தது. ஜெர்மனியின் புகழ்பெற்ற பௌதிகவியலாளர் ஆர்னல்ட் சொமர்பெல்ட் சென்னைக்கு வந்திருந்தார். பதினெட்டு வயதினரான மாணவர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று, அவரது அணுநூலைத் தாம் படித்து முடித்ததைச் சொன்னார். அந்நூல் வெளிவந்த பின்னர் பௌதிகவியலே தலைகீழாக மாறிவிட்டது என்ற செய்தியைச் சொமர்பெல்ட் அவருக்கு அறிவித்தார். அதோடு நில்லாமல், இலத்திரன்களின் புதிய புள்ளியியல் பற்றித் தாம் எழுதி இன்னும் வெளிவராதிருந்த கட்டுரையின் அச்சுப்படிகளையும் கொடுத்துச் சென்றார். அடுத்த ஆண்டிலேயே சந்திரசேகரின் கட்டுரையொன்று இலண்டன் ரோயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. பெரியவர் ஒருவர் ஒரு மாணவனின் கேள்வியைப் பொருட்படுத்தி அரைமணி நேரம் செலவிடுவதனால் என்ன நேரும் என்பதற்கு இதனை விடச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஈர்ப்பைப் பற்றிச் சிறிது கூறாமல் மேலே செல்ல இயலாது. பாரம் என்பது ஒரு பொருளில் மட்டும் தங்கியிராது, மையத்திலிருந்து அது நிற்கும் தூரத்தையும் பொறுத்து மாறும் என்ற எண்ணத்தை, மெர்வ் நகரத்து அல் காசினி 1121இல் எழுதிய மீஸானுல் ஹிக்மா என்னும் தராசு நூலில் காணலாம். இஸ்லாமிய உலகம் தராசை ஒரு வணிகக் கருவியாக மட்டுமன்றி அறிவின் கருவியாகவும் நோக்கிய காலம் அது. பின்னர் பதினேழாம் நூற்றாண்டில் நியூட்டன் ஈர்ப்பைக் கணித விதியாக்கினார். 1915இல் ஐன்ஸ்டைன் அதனை ஒரு விசையாகக் கொள்ளாது, இடமும் காலமும் வளைவதாகவே விளக்கினார். அவ்விளக்கத்தின்படி, பூமியின் மையத்திலிருந்து விலக விலகக் கடிகாரம் விரைந்து ஓடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஒரு துல்லியமான கடிகாரத்தை வைத்தால், கொழும்புக் கரையில் உள்ள கடிகாரத்தை விட அது ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் ஆறு பங்கு முந்தும். இன்றைய அணுக் கடிகாரங்கள் இதனை எளிதில் அளந்துவிடக் கூடியவை. ஐன்ஸ்டைனின் கொள்கை இவ்வாறு சோதனைக்குச் சோதனை வென்று நிற்கிறது. ஆனால் அந்தக் கொள்கையில் எல்லாமே வழுவழுப்பாக, இடைவெளியின்றி, ஐயத்துக்கிடமின்றி அமைந்தவை. ஒரு பொருள் இங்கே இருக்கும் அல்லது அங்கே இருக்கும்; இரண்டும் கெட்ட நிலை கிடையாது. இத்தகைய பௌதிகத்தையே செவ்வியல் பௌதிகம் என்பர்.

குவாண்டம் விதியின் உலகம் வேறு. அங்கே சக்தி சொட்டுச் சொட்டாகவே வரும். ஒரு துகள் அளக்கப்படும் வரை, இரு இடங்களுக்கும் உரியதான ஒரு கலப்பு நிலையில் இருக்கலாம். இலத்திரன்களுக்கு மேலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. தோட்டத்து லயத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு காம்பராவில் இருவருக்கு மேல் தங்கலாகாது என்று விதி இருப்பதாகக் கொள்வோம். கீழ்க் காம்பராக்கள் நிரம்பியதும் அடுத்து வருவோர் மேல் லயத்துக்கும், அதற்கு மேலே உள்ள லயத்துக்கும் ஏறித்தான் ஆகவேண்டும். இலத்திரன்களின் நிலை இதுவே. நெருக்கும்போது அவை உயர்ந்த சக்தி நிலைகளுக்கு ஏறி, மிகுந்த வேகத்தோடு ஓடி, வெளிநோக்கி ஒரு அமுக்கத்தை உண்டாக்குகின்றன. (நம் உண்மையான லயங்களில் ஒரு காம்பராவில் எண்மர் வாழ்ந்த வரலாறு உண்டு. இவ்விடயத்தில் இயற்கை, தோட்ட நிர்வாகங்களை விடக் கண்டிப்பானது.)

எரிபொருள் தீர்ந்து அணைந்த நட்சத்திரம் தன் ஈர்ப்பினாலேயே நொறுங்கிவிடாமல் நிற்பதற்கு இந்த அமுக்கமே காரணம் என்பதைக் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ரால்ப் பௌலர் 1926இல் காட்டியிருந்தார். சீரியஸ் நட்சத்திரத்தின் துணை அத்தகையது. அதன் திணிவு சூரியனின் திணிவுக்கு நிகரானது. அதன் பருமனோ நம் பூமியளவே. அதில் ஒரு தேக்கரண்டி பொருள் சில தொன் எடை இருக்கும். வெண்குள்ள நட்சத்திரங்கள் எனப்படும் இவையே எல்லா நட்சத்திரங்களுக்கும் இறுதி இளைப்பாறுமிடம் என அன்றைய வானியலாளர் நிம்மதியுற்றிருந்தனர்.

இந்திய அரசின் புலமைப்பரிசில் பெற்ற சந்திரசேகர், 1930ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் திகதி பம்பாயில் பில்ஸ்னா என்ற கப்பலில் ஏறினார். தாயார் கடும் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். மகன் தயங்கியபோது, போகத்தான் வேண்டும் என்று வற்புறுத்தி அனுப்பி வைத்தவர் அத்தாயே. மறு ஆண்டு மே மாதத்தில் அவர் இறந்தார். மகனால் மீண்டும் அவர் முகத்தைக் காண முடியவில்லை. கடல் கடந்து உழைக்கச் சென்ற பிள்ளைகளின் பெற்றோர் பலரும் அறிந்த துயரம்தான் இது.

அந்தக் கப்பல் பயணத்தில், பத்தொன்பது வயதினரான அவர் பௌலரின் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தார். நட்சத்திரத்தின் நடுவே நெருக்குண்ட இலத்திரன்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தை எட்டிவிடும். அவ்வாறெனில் ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும் என்பது அவருக்குத் தோன்றியது. சேர்த்ததும் விடை மாறிப்போயிற்று. வேகத்துக்கு ஒரு மேலெல்லை இருப்பதால் அமுக்கம் போதியளவு உயர்வதில்லை. நட்சத்திரத்தின் திணிவு ஒரு குறித்த அளவைத் தாண்டினால், அதனைத் தாங்கி நிற்க இலத்திரன்களால் இயலாது. பின்னர் திருத்தமாகக் கணிக்கப்பட்ட அந்த அளவு சூரியனின் திணிவைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. சந்திரசேகர் எல்லை என உலகம் அழைப்பது இதனையே. அதற்கு மேற்பட்ட திணிவோடு அணையும் நட்சத்திரம் என்னவாகும்? சுருங்கும், சுருங்கிக்கொண்டே இருக்கும். எங்கே நிற்கும் என்பதற்கு அந்தக் கணக்கில் விடை இல்லை.

இக்கணக்கில் ஒரு நுட்பம் உண்டு. இலத்திரன்கள் குவாண்டம் விதிக்கு அடங்கி நடக்கின்றன. அவற்றை நெருக்கும் ஈர்ப்போ நியூட்டனின் பழைய, செவ்வியல் ஈர்ப்பாகவே விடப்பட்டிருக்கிறது. ஒரே வீட்டில் இரு சட்டங்கள். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. இன்றைக்கும் அந்த எல்லையைக் கணிக்க அதுவே போதும். ஆனால், தாங்குவாரின்றிச் சுருங்கும் நட்சத்திரத்தின் இறுதி நிலையில் இரு சட்டங்களில் எது செல்லும் என்ற வழக்கு அங்கேயே தொடங்கிவிட்டது.

கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராகச் சேர்ந்த சந்திரசேகர், இடையே ஓராண்டளவு கோப்பன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்தில் தங்கினார். அங்கே கிடைத்த நண்பர்களுள் ஒருவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த லியோன் ரோசன்பெல்ட். ஈர்ப்புப் புலத்தையும் குவாண்டம் விதிக்குள் கொண்டுவர முடியுமா என்று 1930இலேயே கணித்துப் பார்த்த முதல்வர் அவர். இப்பெயரை வாசகர் நினைவில் வைத்திருப்பது நன்று. 1933இல் சந்திரசேகர் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். கணிதமேதை இராமானுஜனுக்குப் பின் அப்பதவியை எய்திய இந்தியர் அவரே.

அன்றைய வானியல் உலகின் முடிசூடா மன்னர் ஆர்தர் எடிங்டன். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது நட்சத்திர ஒளி வளைவதை அளந்து, ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையை உலகறியச் செய்தவர். அவர் சந்திரசேகரின் அறைக்கு அடிக்கடி வந்து கணக்குகள் எப்படி நகர்கின்றன என விசாரித்தார். ஆனால் தமது எண்ணம் யாதென்று ஒருபோதும் கூறவில்லை. 1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் திகதி இலண்டனில் ரோயல் வானியல் கழகத்தின் கூட்டம். சந்திரசேகர் தம் முடிவைப் படித்து அமர்ந்ததும் எடிங்டன் எழுந்தார். நட்சத்திரம் அவ்வாறு அளவின்றிச் சுருங்குவது அபத்தம், அதனைத் தடுக்கும் விதியொன்று இயற்கையில் இருந்தே தீரும், ஆகவே இளைஞர் பயன்படுத்திய சூத்திரத்தின் அடிப்படையே தவறு என்பது அவரது வாதத்தின் சாரம். அவையோர் சிரித்தனர். சந்திரசேகருக்கு மறுமொழி கூற வாய்ப்பளிக்கப்படவில்லை.

எடிங்டனின் வாதத்துக்கு எந்த அளவீடும் துணைநிற்கவில்லை. விளைவு தமக்கு ஒவ்வாதது என்பதே அவரது காரணம். சந்திரசேகர் கோப்பன்ஹேகனில் இருந்த ரோசன்பெல்டுக்குக் கடிதம் எழுதினார். ரோசன்பெல்ட் அதனைப் போரிடம் காட்டினார். வுல்ப்காங் பௌலியின் கருத்தும் கேட்கப்பட்டது. மூவரும் இளைஞர் பக்கமே நியாயம் எனக் கண்டனர். ஆயினும் அதனைப் பகிரங்கமாக எழுதிக் கையொப்பமிட எவரும் முன்வரவில்லை. எடிங்டனைப் பகைத்துக்கொள்வதற்குத் தயக்கம் ஒருபுறம். வானியல் தமது துறையன்று என்ற அலட்சியம் மறுபுறம். வெண்குள்ள நட்சத்திரங்களின் எல்லை உலகின் முழு ஏற்பைப் பெற மேலும் இரு தசாப்தங்கள் வரை சென்றன.

இந்நிகழ்ச்சியை வெள்ளையரின் நிறத்திமிராக மட்டும் சித்திரிப்போர் உண்டு. அக்காலத்துக் காலனித்துவ மனோபாவம் அவ்வவையில் இல்லாதிருந்திருக்கும் என்று எவரும் கூற மாட்டார். எனினும் எடிங்டன் அதே கூட்டங்களில் ஆங்கிலேயரான மில்னையும் ஜீன்ஸையும் இதே கடுமையோடு தாக்கியவர் என்பதை மறக்கலாகாது. நோய் நிறத்தினுடையது என்பதைக் காட்டிலும் அதிகாரத்தினுடையது என்பதே எமது துணிபு. சந்திரசேகரோ எடிங்டனுடனான நட்பை முறித்துக்கொள்ளவில்லை. 1944இல் எடிங்டன் இறந்தபோதும், 1982இல் அவரது நூற்றாண்டின்போதும் அவரை உயர்வாகப் போற்றியே பேசினார்.

1936ஆம் ஆண்டு செப்டெம்பரில் சென்னைக்கு வந்து, மாநிலக் கல்லூரியில் தம்மோடு பௌதிகவியல் பயின்ற இலலிதா துரைசாமியை மணந்தார். மறு ஆண்டில் தம்பதியர் அமெரிக்காவின் யேர்க்ஸ் வானாய்வகத்துக்குச் சென்றனர். சிக்காகோப் பல்கலைக்கழக வளாகத்தில் அவர் விரிவுரை நிகழ்த்துவதைப் பீடத்தலைவர் ஒருவர் தோலின் நிறத்தைக் காட்டி எதிர்த்தார்; பல்கலைக்கழகத் தலைவர் ரொபர்ட் ஹட்சின்ஸ் அத்தடையைத் தள்ளி வைத்தார். 1953இல் இருவரும் அமெரிக்கப் பிரஜைகளாயினர். இந்தியாவில் இருந்த தந்தையாருக்கு இது மனவருத்தத்தைத் தந்தது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னர், 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், இம்மலைகளில் பிறந்து வளர்ந்த பல இலட்சம் மக்களை நாடற்றோராக்கியிருந்தது. ஒருவர் பிரஜாவுரிமையைத் தெரிவு செய்தார். அவரது மூதாதையரின் மாவட்டங்களிலிருந்து வந்தோரின் சந்ததியினர் அதனை இழந்தனர். வரலாற்றின் தராசு எப்போதும் நேர்நிறையாக நிற்பதில்லை.

1939இல் நட்சத்திரங்களின் அமைப்புப் பற்றிய தம் நூலில் தமது முடிவுகளை முழுமையாகப் பதிந்துவிட்டு, அத்துறையையே விட்டு அகன்றார் சந்திரசேகர். இது தோல்வியின் வெளிப்பாடு என்பர் சிலர். அதன் பின்னர் ஒரு துறையை எடுத்துப் பத்தாண்டளவு உழைத்து, நூலொன்றை எழுதி மூடிவிட்டு, அடுத்த துறைக்குப் புதிய மாணவர் போலச் செல்வதே அவரது வழக்கமாயிற்று. நட்சத்திரக் கூட்டங்களின் இயக்கம், ஒளி பரவும் முறை, பாய்பொருளின் நிலைப்பாடு என அது நீண்டது. வானாய்வகத்திலிருந்து வாரந்தோறும் நெடுந்தூரம் காரோட்டிச் சென்று அவர் பாடம் நடத்திய ஒரு வகுப்பில் இருந்தோர் லீ, யாங் என்னும் இரு சீன இளைஞர்களே. 1957இல் அவ்விருவரும் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியர் மேலும் இருபத்தாறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1952 முதல் 1971 வரை வானியல்சார் பௌதிகத்தின் முதன்மை ஏட்டுக்கு அவரே ஆசிரியர்.

ஐம்பது வயதைக் கடந்த பின், 1960களில், அவர் மீண்டும் ஈர்ப்பின் பக்கம் திரும்பினார். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைத் தொடக்கத்திலிருந்து கற்றார். கருந்துளைகளின் கணிதம் பற்றிய அவரது பெருநூல் 1983இல் வெளிவந்தது. கப்பலில் போட்ட கணக்கு எங்கே கொண்டுபோய்விட்டதோ, அவ்விடத்துக்கே அரை நூற்றாண்டின் பின் அவர் வந்து சேர்ந்தார். ஆனால் அந்நூல் முழுவதிலும் ஈர்ப்பு செவ்வியல் ஈர்ப்பாகவே இருக்கிறது. ஈர்ப்பைக் குவாண்டமாக்கும் முயற்சியில் அவர் இறங்கவில்லை.

மற்றையோர் இறங்கினர். லாகூர் அரசினர் கல்லூரியில் பயின்ற அப்துஸ் ஸலாம், இயற்கையின் இரு விசைகளை ஒன்றாக்கிய கொள்கைக்காக 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் 1964இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் நிறுவிய நிலையம், வறிய நாடுகளின் பௌதிகவியலாளருக்கு, இலங்கையர் உட்பட, கதவைத் திறந்துவிட்டது. ஸலாமும் ஈர்ப்பை அந்த ஒன்றிணைப்புக்குள் கொண்டுவரப் பெரிதும் முயன்றார், கைகூடவில்லை. ஏனைய மூன்று விசைகளும் குவாண்டம் விதிக்குப் பணிந்துவிட்டன. ஈர்ப்பு மட்டும் பணியாது நிற்கிறது.

பணிந்துதான் ஆகவேண்டுமா? பெரும்பாலானோர் ஆம் என்று எண்ணுகின்றனர். ஆனால் அதே ரோசன்பெல்ட், 1930இல் ஈர்ப்பைக் குவாண்டமாக்க முதன்முதல் முயன்றவர், 1963இல் எழுதிய கட்டுரையில் வேறுவிதமாக வாதிட்டார். ஈர்ப்பு குவாண்டமாகத்தான் இருக்கவேண்டும் எனத் தர்க்கத்தால் மட்டும் நிறுவ முடியாது, அதனை அளவீடே தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் நிலை. 1935இல் ஓர் இளைஞரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மேதையின் விருப்பம் ஒரு கணக்கை எப்படி மூடி மறைக்கிறது என்று பார்த்தவர் அவர். அந்த அனுபவம் இந்தக் கட்டுரைக்குள் புகுந்ததா என நாம் கூற முடியாது. ஆயினும் இரண்டையும் சேர்த்துப் படிப்பவருக்கு அந்த எண்ணம் தோன்றாமல் இராது.

அளப்பது எவ்வாறு? 1957இல் அமெரிக்காவின் சப்பல் ஹில் மாநாட்டில் ரிச்சர்ட் பைன்மன் ஒரு வழியைச் சிந்தித்தார். ஒரு சிறு பொருளை இரு இடங்களுக்கும் உரிய கலப்பு நிலையில் வைத்தால், அதன் ஈர்ப்பு எத்திசையில் இழுக்கும்? ஈர்ப்பும் அதே கலப்பு நிலையை அடையுமானால் அது குவாண்டம், இல்லையேல் செவ்வியல். அறுபது ஆண்டுகள் கழித்து, 2017இல், இலண்டனின் சௌகதோ போஸ், நெதர்லாந்தின் அனுபம் மசும்தார் முதலிய பதின்மர் இதனைச் செய்யக்கூடிய சோதனையாக வகுத்தனர். மார்லெட்டோ, வெட்ரல் இருவரும் அதே வேளையில் அதே கருத்தை வெளியிட்டனர். இரண்டு நுண்ணிய வைரத் துணுக்குகள். ஒவ்வொன்றும் ஒரு கிலோகிராமின் கோடி கோடியில் ஒரு பங்கு. குறுக்களவு ஒரு மில்லிமீற்றரின் ஏறத்தாழ ஐந்நூற்றில் ஒரு பங்கு. ஒவ்வொன்றையும் கலப்பு நிலையில் இட்டு, அருகருகே ஏறத்தாழ இரண்டரைச் செக்கன்கள் விழவிட வேண்டும். ஈர்ப்பைத் தவிர வேறெந்த விசையும் அவற்றுக்கிடையே செல்லலாகாது. இறுதியில் இரண்டின் நிலைகளும் குவாண்டம் முறையில் பின்னிப் பிணைந்திருந்தால், இடையே சென்ற தூதுவனும் குவாண்டம் விதிக்கு உட்பட்டவனே. திட்டவட்டமான செய்தியை மட்டுமே சுமக்கத் தெரிந்த தபாற்காரரால் அத்தகைய பிணைப்பை ஏற்படுத்த இயலாது என்பதே இதன் தர்க்கம்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஜொனதன் ஒப்பன்ஹைம், ஈர்ப்பைச் செவ்வியலாகவே விட்டு முரண்பாடின்றிக் கொள்கை அமைக்கலாம் என 2023இல் விரிவாக எழுதினார். அதற்கு ஒரு விலை உண்டு. அவரது கொள்கையின்படி ஈர்ப்பு சிறிது தடுமாற வேண்டும். ஒரு கிலோகிராம் படிக்கல்லை மீண்டும் மீண்டும் மிகத் துல்லியமாக நிறுத்தால், எடை மிக நுண்ணிய அளவில் ஏறி இறங்க வேண்டும். ஆகவே அதனையும் தராசில் வைத்துச் சோதிக்கலாம். இரு தரப்பும் தோற்கக்கூடிய இடத்தில் தம் கொள்கையை வைத்திருக்கின்றன. எடிங்டன் செய்யத் தவறியது இதனையே.

தடைகளும் மலையளவு. 2021இல் வியன்னா ஆய்வாளர்கள், மிளகை விடச் சிறிய, ஏறத்தாழ 90 மில்லிகிராம் தங்கக் குண்டொன்றின் ஈர்ப்பை அளந்தனர். அதற்கே நகரத்து வாகனங்களின் அதிர்வு அடங்கும் இரவு நேரங்களை நாட வேண்டியிருந்தது. மறுபுறத்தில், கலப்பு நிலையில் இடப்பட்ட மூலக்கூறுகள் 2019இல் 25,000 அணுத்திணிவு அலகுகளைத் தாண்டின. அதன் பின்னர் இன்னும் பெரியவற்றை நோக்கி முயற்சிகள் நகர்கின்றன. அந்தத் தங்கக் குண்டுக்கும் அந்த மூலக்கூறுக்கும் இடையிலான விகிதத்தை எழுத, இரண்டின் பின்னே பதினெட்டுச் சுழியங்கள் இட வேண்டும். ஈர்ப்பு அளக்கப்படும் கரை ஒன்று, குவாண்டம் பேணப்படும் கரை மற்றொன்று. இடையே பாலம் கட்டும் பணியே இன்று நடைபெறுகிறது. வறுமை மிகுந்த உலகில் இதற்கேன் செலவு என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் இதற்கென உருவாக்கப்படும் நுண்ணளவுக் கருவிகள் நிலத்தடி நீரையும் சரியும் மலைச்சரிவின் உட்பகுதியையும் ஈர்ப்பின் மாற்றத்தைக் கொண்டு ஆராய உதவக்கூடிய இனத்தைச் சேர்ந்தவை. மழைக்காலந்தோறும் மண்சரிவுக்கு அஞ்சி உறங்காதிருக்கும் மக்கள் அக்கருவிகளைப் பயனற்றவை எனத் தள்ள மாட்டார்கள்.

சந்திரசேகரின் கடைசி நூல் 1995இல் வெளிவந்தது. நியூட்டனின் பிரின்சிபியாவைச் சாதாரண வாசகருக்கு விளக்குவது அதன் நோக்கம். எண்பது வயதைத் தாண்டிய நிலையிலும், நியூட்டனின் ஒவ்வொரு தேற்றத்துக்கும் முதலில் தாமே நிறுவலை எழுதிப் பார்த்து, பின்னரே நியூட்டனின் வழியோடு அதனை ஒப்பிட்டார். பெரும்பாலும் தம் வழியை விட நியூட்டனின் வழியே அழகியது எனக் கண்டு மகிழ்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் அவரது இதயம் நின்றது. பிள்ளைகள் இல்லை. இலலிதா அம்மையார் கணவரின் நினைவுகளைப் பேணியவாறு 2013 வரை, நூற்றிரண்டு வயது வரை வாழ்ந்தார்.

இரு கருந்துளைகள் மோதிய அதிர்வை அமெரிக்காவின் லைகோ கருவிகள் 2015ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி பதிவு செய்தன. 2019இல் கருந்துளையொன்றின் நிழலும் படமாக்கப்பட்டது. பத்தொன்பது வயது இளைஞரின் கணக்கு சென்று முடிந்த பள்ளம் மெய்யாகவே வானில் இருக்கிறது. அப்பள்ளத்தின் அடியில் எச்சட்டம் ஆள்கிறது என்பதைச் சொல்லக்கூடிய அந்த இரு வைரத் துணுக்குகளை விழவிடும் கருவி, இதுவரை எந்த ஆய்வுகூடத்திலும் கட்டி முடிக்கப்படவில்லை.